ஆறு பேருக்கு ஒரே தடவையில் வடிகோப்பி: கொழும்பு வீட்டுக்கான வழிமுறை

தனக்கு ஒரு கோப்பை வடித்துக் குடிக்கப் பழகிய பலர், வீட்டுக்கு ஆட்கள் வந்ததும் தடுமாறிப்போகிறார்கள். புனலில் வடிதாளை விரித்து, 15 கிராம் தூளுக்கு 250 கிராம் தண்ணீர் ஊற்றி வடிப்பது கைப்பழக்கமாகியிருக்கும். ஆறு பேர் வந்து இருந்தவுடன் அதையே நாலால் பெருக்கிப் போடுவார்கள். வடிந்து முடிய எட்டு ஒன்பது நிமிடம் எடுக்கும், வருவதும் கைக்கும். சிலர் அதற்குப் பயந்து ஒவ்வொரு கோப்பையாகப் போடுவார்கள். கடைசி ஆளின் கைக்குக் கோப்பி போகும்போது முதல் ஆள் குடித்துமுடித்து எழும்பியிருப்பார், போட்டுக்கொடுத்தவருக்கோ வந்தவர்களோடு இருந்து கதைக்க நேரமே கிடைத்திருக்காது.

ஒரு லீற்றரை ஒரே தடவையில் நன்றாக வடிக்கலாம். விளங்கிக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். தூளுக்கும் தண்ணீருக்கும் உள்ள விகிதம் அப்படியே இருக்கும். அரைக்கும் பருமனும் ஊற்றும் விதமும் மாறியே ஆகவேண்டும்.

காரணம் புனலுக்குள் இருக்கிறது. 15 கிராம் தூள் கூம்பின் அடியில் சிறிய படுக்கையாகக் கிடக்கும். 60 கிராம் போட்டால் அந்தப் படுக்கை உயர்ந்துவிடும். அவ்வளவு ஆழத்தையும் கடந்து தண்ணீர் இறங்க நேரம் எடுக்கும், அந்த நேரம் முழுவதும் தூளிலிருந்து சாரம் கரைந்துகொண்டே இருக்கும். முதலில் புளிப்பும் இனிப்பும் இறங்கும், கைப்பும் கயர்ப்பும் பிறகுதான் வரும். ஆகவே பெரிய அளவில் வடிக்கும்போது தூளைச் சற்றுப் பருமனாக அரைத்து, தண்ணீருக்கு வழிவிட வேண்டும்.

என்னென்ன வேண்டும்

முதலில் புனல். ஹரியோ நிறுவனத்தின் வி60 என்ற கூம்புப் புனல் பல வீடுகளில் இருக்கும். அதில் 02 என்ற அளவுதான் பெரும்பாலும் விற்பனைக்கு வரும். 30, மிஞ்சினால் 35 கிராம் தூள் வரைக்கும் அது தாங்கும். அதற்கு மேல் போட்டால் ஊற்ற இடமில்லாமல் விளிம்பு வரை நிரம்பித் தவிக்கும். ஒரு லீற்றர் வடிக்க 03 அளவு வேண்டும், அல்லது கெமெக்ஸ். கெமெக்ஸ் 1941இல் பீட்டர் ஷ்லும்போம் என்ற இரசாயனவியலாளர் உருவாக்கியது. ஆய்வுகூடப் புனலையும் குடுவையையும் ஒரே கண்ணாடியாக ஒட்டவைத்த உருவம். வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: 'ஆறு கோப்பை', 'எட்டுக் கோப்பை' என்று பெட்டியில் போட்டிருக்கும் கணக்கில் ஒரு கோப்பை என்பது ஏறத்தாழ 150 மில்லிலீற்றர்தான். நம் வீட்டு மக்கில் ஊற்றிக் குடிப்பவர்களுக்கு ஆறு கோப்பைக் கெமெக்ஸ் நாலு பேருக்குத்தான் காணும். ஒரு லீற்றர் வடிக்க நினைத்தால் எட்டுக் கோப்பை அளவைப் பாருங்கள்.

புதிதாக எதுவும் வாங்க விருப்பமில்லை என்றால் 02 புனல்கள் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தும் செய்யலாம். அதைக் கீழே சொல்கிறேன்.

தராசு கட்டாயம். கோப்பிக்கென்று விற்கும் விலைகூடிய தராசு தேவையில்லை. சமையலறையில் மா நிறுக்கும் டிஜிட்டல் தராசே போதும். ஆனால் அது எத்தனை கிலோ வரை தாங்கும் என்று பாருங்கள். கண்ணாடிப் பாத்திரத்தோடும் புனலோடும் ஒரு லீற்றர் தண்ணீரும் சேரும்போது, 1 கிலோவோடு நின்றுவிடும் சிறிய தராசு சரிவராது. சில தராசுகள் கொஞ்ச நேரம் அசைவில்லாமல் இருந்தால் தாமாகவே அணைந்துவிடும், ஊற்றுகிற நடுவில் எண் மறைந்துபோகும். அப்படிப்பட்டதை இந்த வேலைக்கு வைக்காதீர்கள்.

கேத்தல் விசயத்தில் ஆட்கள் தேவைக்கு மேல் கவலைப்படுகிறார்கள். வளைந்த மெல்லிய மூக்குள்ள கேத்தல் நல்லதுதான், ஆனால் அவற்றில் பல ஒரு லீற்றருக்கு மேல் கொள்ளாது. வடிதாளை நனைக்கவும் பிளாஸ்க்கைச் சூடாக்கவும் சேர்த்து நமக்கு 1.6 லீற்றர் அளவில் தேவை. ஆகவே வீட்டிலுள்ள சாதாரண மின்சாரக் கேத்தலில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, மூக்குக் கேத்தலுக்குள் மாற்றி மாற்றி ஊற்றுவதே வசதி. மூக்குக் கேத்தல் இல்லாவிட்டால் பெரிய கரண்டியின் முதுகில் படும்படி மெதுவாக ஊற்றுங்கள். படுக்கை ஆழமாக இருப்பதால், ஒரு கோப்பை வடிக்கும்போது பார்க்கும் அளவுக்கு நுணுக்கம் இங்கே தேவைப்படாது.

இவற்றோடு ஒரு நல்ல பிளாஸ்க். வடித்த கோப்பியை அடுப்பில் வைத்துச் சூடாக வைத்திருக்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். சுவை கெடுவதற்கு அதைவிடக் குறுக்குவழி கிடையாது.

கொட்டையும் தண்ணீரும்

கடைகளில் பக்கெட்டில் வரும் உள்ளூர்க் கோப்பித்தூள் பெரும்பாலும் கருக வறுத்து மா போல அரைத்தது. பேணியில் போட்டுச் சுடுதண்ணீர் ஊற்றி, மண்டி இறங்கவிட்டுச் சீனியோடு குடிக்க அது அருமையானது. மல்லியும் மிளகும் வேர்க்கொம்பும் சேர்த்து இடித்த யாழ்ப்பாணத்துக் கோப்பித்தூளும் அப்படித்தான். இவற்றைப் புனலில் போட்டால் வடிதாள் அடைத்துக்கொள்ளும், ஒரு லீற்றர் அளவில் தண்ணீர் அசையவே அசையாது. வடிகோப்பிக்குக் கொட்டையாக வாங்கி வீட்டில் அரைப்பதே வழி. கிரைண்டர் இல்லையென்றால் வறுத்து விற்கும் கடையில் 'ஒரு லீற்றர் வடிக்கப் போகிறேன், பருமனாக அரைத்துத் தாருங்கள்' என்று சொல்லி வாங்குங்கள்.

மலையகத்தில் விளையும் அரபிக்கா வகைக் கோப்பிக்கொட்டையை மிதமாக வறுத்து விற்கும் கடைகள் இப்போது கொழும்பில் இருக்கின்றன. அதை வாங்கிப் பாருங்கள் என்று நான் அழுத்திச் சொல்வேன். இந்த மலைகளுக்கு நம் ஆட்களை முதன்முதலில் கூட்டிவந்தது தேயிலை அல்ல, கோப்பித் தோட்டங்கள். 1869இல் இலைத்துரு நோய் வந்து, அடுத்த சில பத்தாண்டுகளில் அந்தத் தோட்டங்கள் அழிந்து, அதே சரிவுகளில் தேயிலை ஏறியது. அந்த மண்ணில் திரும்பவும் பராமரித்து வளர்க்கும் கொட்டையை, சீனியும் பாலும் போடாமல் ஒருமுறையாவது குடித்துப் பார்ப்பது அதற்குச் செய்யும் மரியாதை.

தண்ணீரைப் பொறுத்தவரை கொழும்பில் இருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். களனி ஆற்றிலிருந்து அம்பத்தலையில் சுத்திகரித்து வருவதும், லபுகம, கலட்டுவாவ நீர்த்தேக்கங்களிலிருந்து வருவதும் மென்னீர். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் நிலத்துக் கிணற்றுத் தண்ணீர் போலக் கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படியாது, கோப்பியின் புளிப்பையும் மழுங்கடிக்காது. குளோரின் மணம் தெரிந்தால் மட்டும், முதல்நாள் இரவே ஒரு வாயகன்ற பாத்திரத்தில் பிடித்து வைத்துவிடுங்கள், அல்லது வீட்டு வடிகட்டியில் விட்டு எடுங்கள்.

சூட்டைப் பற்றியும் ஒரு சொல். கொழும்பு கடல் மட்டத்தில் இருப்பதால் தண்ணீர் 100 பாகையில் கொதிக்கும். நுவரெலியாவில் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும். அங்குள்ள உறவினர் 'கொதிக்கக் கொதிக்க ஊத்து' என்று சொல்லித்தந்தால், அவருக்கு அது சரி. இங்கே கடுமையாக வறுத்த கொட்டைக்கு அதைச் செய்தால் கைத்துவிடும். இளவறுவலுக்குக் கொதி அடங்கியதும் ஊற்றலாம். நடுத்தர வறுவலுக்கு 93 பாகை அளவு. கருக வறுத்ததற்கு 88க்கு இறக்குங்கள். வெப்பமானி இல்லையென்றாலும் பரவாயில்லை: கொதித்த தண்ணீரை மூக்குக் கேத்தலுக்கு மாற்றும்போதே சில பாகை இறங்கிவிடும்.

அளவு

ஒரு லீற்றர் தண்ணீருக்கு 60 கிராம் தூள். இதை மனதில் பதித்துக்கொண்டால் மற்றக் கணக்கெல்லாம் தானாக வரும்: அரை லீற்றருக்கு 30, முக்கால் லீற்றருக்கு 45. தூள் தன் எடையைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆகவே ஒரு லீற்றர் ஊற்றினால் கையில் வருவது 880 மில்லிலீற்றர் அளவுதான். சிறிய கோப்பையில் ஆறு பேருக்குப் போதும். மக் என்றால் நாலு பேர்.

அரைத்தல்

ஒரு கோப்பைக்கு அரைப்பதைவிடப் பருமனாக, கடைச் சீனியின் பருமனுக்கு அரையுங்கள். விரலுக்கிடையில் எடுத்து உருட்டினால் தனித்தனி மணியாகத் தெரியவேண்டும். கை கிரைண்டர்களில் பல 25 முதல் 35 கிராம் வரைதான் கொள்ளும். 60 கிராமுக்கு இரண்டு தடவையோ மூன்று தடவையோ போட வேண்டிவரும். ஆட்கள் வரும் நாளென்றால் அவர்கள் வருவதற்குச் சற்று முன் அரைத்து, மூடியுள்ள போத்தலில் வைத்துக்கொள்ளுங்கள். கதவு மணி அடித்தபிறகு கிரைண்டரைச் சுற்றத் தொடங்கினால் வேலை இழுபடும். முதல்நாளே அரைத்துவைப்பது மட்டும் வேண்டாம்; கொழும்பின் ஈரக்காற்றில் அரைத்த தூளின் வாசனை வேகமாகப் போய்விடும்.

வடிக்கும் முறை

வடிதாளை விரியுங்கள். கெமெக்ஸ் தாளாக இருந்தால் மூன்று மடிப்புள்ள பக்கம் பாத்திரத்தின் மூக்குப் பக்கம் வரவேண்டும். ஒற்றை மடிப்பை அங்கே வைத்தால் ஈரத்தாள் அந்தக் கால்வாய்க்குள் உட்கார்ந்து காற்றுப் போகும் வழியை அடைத்துவிடும், வடிதலும் நின்றுபோகும். தாளைச் சுடுதண்ணீரால் முழுவதும் நனையுங்கள். கெமெக்ஸ் தாள் தடிப்பானது என்பதால் 300 மில்லிலீற்றர் வரை தாராளமாக ஊற்றுங்கள். தாள் மணமும் போகும், கண்ணாடியும் சூடாகும். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட மறக்காதீர்கள். பிளாஸ்க்குக்குள்ளும் சுடுதண்ணீர் ஊற்றி மூடிவையுங்கள்.

தூளைப் போட்டுப் புனலை மெதுவாகத் தட்டிச் சமப்படுத்துங்கள். தராசைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்து, நேரம் பார்க்கத் தொடங்குங்கள்.

முதல் ஊற்றல் 160 முதல் 180 கிராம். நடுவில் தொடங்கி வெளியே சுற்றிக்கொண்டு போங்கள். பெரிய அளவில் வடிக்கும்போது பலர் கோட்டைவிடுவது இந்த இடத்தில்தான். மேலே எல்லாம் நனைந்து நுரை பொங்கி வருவதைப் பார்த்து, வேலை முடிந்தது என்று நினைத்துவிடுவார்கள். கூம்பின் அடியில் தூள் உலர்ந்தபடியே கிடக்கும். ஒரு தேக்கரண்டியை நடுவில் அடிவரை இறக்கி மெதுவாகக் கிளறி மேலே கொண்டுவாருங்கள். கரண்டியோடு வெளிறிய, உலர்ந்த தூள் வந்தால் இன்னும் நனையவில்லை. இன்னொருமுறை இறக்குங்கள். தாளைக் கிழித்துவிடாமல், சேற்றைக் குழைக்கிற வேகமில்லாமல், நாலைந்து தடவை கிளறினால் எல்லாம் ஒரே நிறத்துக்கு வந்துவிடும். புதிதாக வறுத்த கொட்டையென்றால் குமிழிகள் எழுந்து உடைந்துகொண்டே இருக்கும். வறுக்கும்போது கொட்டைக்குள் அடைபட்ட காபனீரொட்சைட்டு வெளியேறுகிறது. அது போகாவிட்டால் தண்ணீர் தூளுக்குள் சரியாக இறங்காது. 45 செக்கன் வரை விடுங்கள். சின்னக் கோப்பைக்கு 30 செக்கன் விட்டவர்கள் இங்கே அவசரப்படக் கூடாது.

45ஆவது செக்கனில் இரண்டாவது ஊற்றல். தராசில் 450 வரும்வரை ஊற்றுங்கள். தண்ணீர் மட்டம் தாளின் விளிம்புக்கு ஒரு விரற்கடை கீழே நின்றால் போதும். தாளின் சுவரில் நேரே ஊற்றாதீர்கள். தூளைத் தொடாமலே ஓரத்தால் வழிந்து கீழே போய்விடும்.

மட்டம் பாதிக்கு மேல் இறங்கியதும் அடுத்தது. 650 வரை. பிறகு 850, பிறகு 1000. ஒவ்வொன்றுக்கும் முன் தூள் முற்றாக வெளியே தெரியும்வரை காத்திருக்க வேண்டாம். இடையில் படுக்கை காய்ந்து சூடு இறங்கிவிடும். கேத்தலில் தண்ணீர் குறையும்போது, கொதிக்கவைத்த பெரிய கேத்தலிலிருந்து நிரப்பிக்கொள்ளுங்கள். அந்தப் பெரிய கேத்தலை இடையில் ஒருமுறை மீண்டும் தட்டிவிட்டால் கடைசி ஊற்றல் வரை சூடு குறையாது. கடைசி ஊற்றல் நாலாவது நிமிடத்தை ஒட்டி முடியவேண்டும்.

முடிந்ததும் சுவரில் ஒட்டிய தூளைக் கரண்டியால் ஒரே ஒரு சுற்றுச் சுற்றி விழுத்துங்கள். அதற்கு மேல் கிளறினால் நுண்துகள்கள் அடிக்குப் போய்த் தாளின் துளைகளை அடைக்கும். ஐந்தரை, ஆறு நிமிடத்தில் வடிந்து முடிந்தால் சரியான பருமன். ஏழு நிமிடமாகியும் ஒரு கோப்பை அளவு மேலே தேங்கி நிற்கிறதா? மூக்குப் பக்கத்துத் தாளைச் சற்றுத் தூக்கிப் பாருங்கள். அப்போதும் இறங்காவிட்டால் அந்த மிச்சத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். புனலைத் தூக்கி வைத்துவிட்டு, குறைந்த அளவுக்குச் சுடுதண்ணீரைக் கோப்பியோடு நேரே சேருங்கள். கடைசியில் சொட்டுவது கைப்பைத் தவிர வேறெதையும் தராது.

ஊற்றிக் கொடுக்குமுன் பாத்திரத்தை நன்றாகச் சுழற்றுங்கள். முதலில் வடிந்தது கடுமையாகவும் கடைசியில் வடிந்தது மென்மையாகவும் இருக்கும். இரண்டும் தாமாகக் கலந்துகொள்ளா. சுழற்றாமல் ஊற்றினால் ஒருவருக்குக் கடுமையானதும் இன்னொருவருக்குச் சுடுதண்ணீர் போன்றதும் போகும். பிறகு, பிளாஸ்க்கில் இருந்த தண்ணீரைக் கொட்டிவிட்டு உடனே கோப்பியை அதற்குள் மாற்றுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் குடித்துவிடுவது நல்லது.

குடித்துப் பார்த்துத் திருத்துவது

புளிப்பு மட்டும் தூக்கலாக, நாக்கில் கனமில்லாமல் இருந்தால் அடுத்தமுறை கொஞ்சம் நுணுக்கமாக அரையுங்கள். நாக்கு வறண்டு கயர்த்தால் இன்னும் பருமனாக. ருசி சரி, ஆனால் கடுப்பு அதிகம் என்றால் அரைத்தலில் கைவைக்க வேண்டாம், குடிக்கும்போது சுடுதண்ணீர் சேர்த்தால் போதும். ஒரு தடவையில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். அரைத்தலையும் சூட்டையும் அளவையும் ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியவராது.

சிறிய புனல் மட்டும் உள்ளவர்களுக்கு

இரண்டு வி60 02 புனல்களை இரண்டு பாத்திரங்களின் மேல் வையுங்கள். ஒவ்வொன்றிலும் 30 கிராம். இரண்டையும் அடுத்தடுத்து 80 கிராம் தண்ணீரால் நனைத்துக் கிளறிவிடுங்கள். பிறகு ஒன்றில் 140 கிராம் ஊற்றி அது இறங்கும் நேரத்தில் மற்றதில் ஊற்றுங்கள். இப்படி மாறி மாறி, ஒவ்வொன்றிலும் 500 வரும்வரை. கைக்கு ஓய்விருக்காது, ஆனால் படுக்கை ஆழமில்லாததால் நாலரை நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். சுவையைப் பார்த்தால் எனக்கு இந்த முறைதான் கூடப் பிடிக்கும். தராசு ஒன்றுதான் இருந்தால், தண்ணீரை 500 மில்லிலீற்றராக இரண்டு அளவுப் பாத்திரங்களில் பிரித்து வைத்துக்கொள்ளலாம். பாத்திரங்களை முன்கூட்டியே சூடாக்கிவிடுங்கள்.

இன்னொரு வழி, கடுமையாக வடித்து நீர்ப்பது. 60 கிராம் தூளில் 700 கிராம் தண்ணீரை மட்டும் வடித்துவிட்டு, மிச்ச 300ஐக் கீழே வடிந்த கோப்பியோடு நேரே சேர்ப்பது. குறைந்த தண்ணீரால் சாரம் எடுப்பதால், ஒரு லீற்றரும் வடிப்பதற்கு அரைப்பதைவிடச் சற்று நுணுக்கமாக அரைக்கவேண்டும். அளவு போதாத புனலை வைத்துக்கொண்டு சமாளிக்க இது உதவும். இளவறுவல் கொட்டைக்கு நான் இதைச் சொல்லமாட்டேன், மணம் முழுதாக வராது.

ஏப்ரல் வெயிலுக்கு இதே கணக்கில் ஐஸ். 65 கிராம் தூள், 600 கிராம் சுடுதண்ணீர், கீழே பாத்திரத்தில் 400 கிராம் ஐஸ். வடிய வடிய ஆறிவிடும், மணம் அப்படியே பிடிபடும். சீனி வேண்டுவோருக்குச் சீனியைச் சுடுதண்ணீரில் கரைத்துப் பாணியாக வையுங்கள், குளிர்ந்த கோப்பியில் சீனி இலேசில் கரையாது.

பாலோடு கேட்பவர்கள்

'பிள்ளை, இது தேத்தண்ணி மாதிரியெல்லோ கிடக்கு, பால் இல்லையே?' என்று ஒரு மாமி கேட்பார். கேட்கத்தான் செய்வார், பால்மாவும் சீனியும் போட்ட கோப்பியில் வளர்ந்த நாக்குக்கு வடிகோப்பி மென்மையாகத் தெரிவது இயல்பு. ஒரு லீற்றருக்கு வடித்ததில் பாலைக் கலந்தால் இரண்டும் கெட்டுவிடும். பாலோடு குடிப்பவர்கள்தான் அதிகம் என்று தெரிந்தால் ஆரம்பத்திலேயே 60 கிராமுக்கு 720 கிராம் தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள். 600 மில்லிலீற்றர் வரும். பால்மாவைக் கொஞ்சச் சுடுதண்ணீரில் கட்டியில்லாமல், தடிப்பாகக் கரைத்துத் தனியாக வையுங்கள். அவரவர் தேவைக்குச் சேர்த்துக்கொள்வார்கள். வெறும் கோப்பி கேட்பவருக்கு அதே பாத்திரத்திலிருந்து ஊற்றிச் சுடுதண்ணீர் சேர்த்துக் கொடுக்கலாம்.

வைப்பும் கழுவலும்

கொட்டையைக் காற்றுப்புகாத போத்தலில், அடுப்புச் சூடு படாத அலுமாரியில் வையுங்கள். திறந்த பக்கெட்டைக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்து வெளியே எடுத்து, திரும்ப உள்ளே வைப்பது இந்தக் காலநிலையில் மிகவும் கெடுதி. குளிர்ந்த கொட்டையில் வெளிக்காற்றின் ஈரம் உடனே வியர்த்துப் படியும், கருவாட்டு மணமும் சேர்ந்து ஒட்டும். வடிதாளுக்கும் இதே காப்பு வேண்டும். சமையலறையில் திறந்து கிடக்கும் தாள் தாளித்த வாசனையைப் பிடித்துக்கொள்ளும். மூடியுள்ள டப்பாவில் போட்டுவிடுங்கள்.

பிளாஸ்க்கை வெறும் தண்ணீரால் அலசி வைப்பதோடு விட்டுவிடாதீர்கள். கோப்பியின் எண்ணெய் உள்சுவரில் படிந்து, அடுத்தமுறை ஊற்றும் நல்ல கோப்பிக்குப் பழைய நாற்றம் கொடுக்கும். ஒரு மேசைக்கரண்டி அப்பச்சோடாவைப் போட்டு, கொதித்த தண்ணீரை நிரப்பி, மூடாமல் அரை மணி நேரம் விட்டு, நீண்ட தூரிகையால் தேய்த்துக் கழுவுங்கள். மூடியின் உள்ளே இருக்கும் றப்பர் வளையத்தைக் கழற்றித் தனியாகக் கழுவிக் காயவிட்டுத்தான் திரும்பப் போடவேண்டும். பூஞ்சணம் முதலில் பிடிப்பது அங்கேதான்.